ஒன்பதாம் படுக்கையின் சிவப்பு எழுத்து

அந்த மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் கணினித் திரையை ஜாவா நிரல்மொழியில் எழுதியவள் தங்கை. அதே மருத்துவமனையின் இரண்டாம் மாடி வார்டில் அக்கா நர்ஸ். அதனால் கோளாறு என்றால் புகாராக வராது, திட்டாகத்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"ஒன்பதாம் நம்பர் பெட் காலியா கிடக்கு. ஆளைப் போடலாம்னா உன் திரை விட மாட்டேங்குது. 'இந்தப் படுக்கையில் ஒருவர் இருக்கிறார்'னு சிவப்புல காட்டுது."

தங்கை பதிவுகளில் தேடினாள். ஒன்பதில் யாருமில்லை. ஆனாலும் சரிபார்க்கும் நிரல் ஒவ்வொரு முறையும் 'ஒருவர்' என்றே எண்ணிச் சொன்னது. சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கினாள். அப்போதும் ஒருவர்.

"இங்க ஒரு மனுஷன் வீல்சேர்லயே உக்காந்திருக்காருடி. ஏதாவது பண்ணு."

திரையில் வரும் செய்திகளுக்கு அவள் மூன்று தரம் வைத்திருந்தாள். தகவல் சும்மா சொல்லும். எச்சரிக்கை மஞ்சளில் சொல்லிவிட்டு வழிவிடும். பிழை சிவப்பில் சொல்லி வழிமறிக்கும். காரணம் தெரியும்வரைதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பிழையை எச்சரிக்கையாக்கினாள். நிரலில் ஒரே ஒரு சொல்தான் மாறியது.

வீல்சேரில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். ஒன்பதில் படுத்தார்.

மறுநாள் மதியம் அக்கா மறுபடி அழைத்தாள். குரல் தணிந்திருந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

டிரைவர் கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு விரற்கடை நகர்ந்தால் தரைதான்.

"நடுவுல நல்லா படுக்கலாமேங்க?" என்றாள் தங்கை.

"அது எப்படிம்மா? அவரு வந்து நாலு நாளாச்சாம். நான் நேத்து வந்தவன். முன்னாடியே உக்காந்தவரை பஸ்லகூட எழுப்ப மாட்டோமே."

"யாரு?"

அவர் உதட்டில் விரல் வைத்தார், தூங்குகிறவரை எழுப்பிவிடாதே என்பதுபோல.

"காய்ச்சல் இல்ல. நினைவும் தெளிவாத்தான் இருக்கு," என்று அக்கா காதோடு சொன்னாள்.

தங்கை மறுபாதித் தலையணையில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்த பிறகு, அந்தப் பக்கத்து விரிப்பு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது. அக்காவும் பார்த்தாள். இருவரும் டிரைவரைப் பன்னிரண்டாம் கட்டிலுக்கு மாற்றினார்கள். அங்கே அவர் கைகாலை நீட்டிச் சாயங்காலம்வரை தூங்கினார்.

தங்கை வார்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, எச்சரிக்கையைப் பழையபடி பிழையாக்கினாள்.

"என்ன காரணம்னு தெரிஞ்சுதா?"

"இல்லக்கா. ஆனா அது பொய் சொல்லல. நான்தான் காதுல வாங்கல."

காலிக் கட்டிலை ஏன் அடைத்துவைத்திருக்கிறாய் என்று மேலாளர் கேட்டபோதெல்லாம், இன்னும் சோதித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். தினமும் வேலைக்கு வந்ததும் அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் பார்த்தாள்.

பதினேழாம் நாள் காலை அது பூஜ்யமாகியிருந்தது. நிரலை யாரும் தொட்டிருக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அக்கா, "கெளம்பிட்டாரா," என்று மட்டும் கேட்டுவிட்டு, புது விரிப்பு எடுக்கப் போனாள்.