பூச்சி தொடாத காய்

மதராசிலிருந்து மேலதிகாரி வந்து சேர இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. குற்றாலத்தில் அருவி நிறைந்து விழும் மாதத்தில்தான் மேலதிகாரிகளுக்குத் தென்காசிக் கத்தரியின்மேல் அக்கறை பிறக்கும். 1962இலும் அப்படித்தான் பிறந்தது.

அரசு விவசாயப் பண்ணைத் தலைவர் ஞானசம்பந்தம் காட்டுக்கத்தரியையும் நாட்டுக்கத்தரியையும் கலந்து ஒரு புது இனம் உண்டாக்கியிருந்தார். இலை முழுக்கச் சுணை. அசுவினிப் பூச்சி ஏறினால் அந்த மயிரில் கால் சிக்கி அங்கேயே சாகும். காயையும் புழு தொடாது. காட்டுச்செடியின் ஆல்கலாய்டு என்ற கசப்பு நஞ்சு காயிலும் இறங்கியிருந்தது. அது உதவியாளர் உலகம்மாளுக்குத் தெரியும். ஒரு காயைக் கடித்துவிட்டு அரை நாள் வாய் கொப்பளித்தவள் அவள்.

தாவரவியலில் பி.எஸ்ஸி. படித்தவள். வேலை தற்காலிகம், நிரந்தரமாக ஞானசம்பந்தம் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி தலையாட்டிவிட்டால் பக்கத்துக் குத்துக்கல்வலசைத் தோட்டங்களுக்கெல்லாம் இந்த நாற்றுதான்.

"ருசி எப்படின்னு எழுத, சார்?" அறிக்கை எழுதும்போது கேட்டாள்.

"மிகச் சிறப்புன்னு எழுதும்மா. இதையெல்லாமா கேப்பாங்க?"

"சார்... அது கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்?"

"ஒண்ணுமில்ல, சார்."

மறுநாள் குற்றாலம் விடுதிச் சமையற்கட்டில் சமையல்காரர் பரீது கரண்டியோடு உலகம்மாள்முன் நின்றார்.

"மூணு தண்ணி மாத்திட்டேன் தாயி, எட்டிக்காயால்லா கசக்குது. தலைவர்ட்ட சொல்லேன்."

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

"நல்லாச் சொன்ன! எனக்கு நாலு பிள்ளைய இருக்கு."

பட்டதாரிக்குப் பரிமாறும் வேலை கிடைத்தது. அருவியில் குளித்த பசியோடு மேலதிகாரி ஒரு காயை வாயில் போட்டார். கண்கள் இறுக மூடின. ஆனால் அமைச்சரிடம் இந்தக் காயைப் பற்றி அவர் ஏற்கெனவே பெருமை பேசியாகிவிட்டது.

"அபாரம்" என்று விழுங்கினார்.

உடனே வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அபாரமாக இருந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஞானசம்பந்தத்தின் இலையில் மட்டும் அப்பளமும் அவியலும். உலகம்மாள் வாளியோடு அவர்முன் போய் நின்றாள். மூன்று முழுக் காய்களை இலை நடுவில் வைத்தாள்.

"வேண்டாம்மா, போதும்."

"நீங்க உண்டாக்குன காயில்லா, சார்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மேலதிகாரி நிமிர்ந்தார். தான் பட்டதை இன்னொருவரும் படட்டும் என்ற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏன்யா, சாப்பிடும்!"

ஞானசம்பந்தம் காய்களைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"எனக்குக் கத்தரிக்காய் ஆகாது, சார். உடம்பெல்லாம் கரப்பான் வந்துடும். பிறந்ததுலேருந்து வாயில வச்சதே கிடையாது."