ஏணியில்லாமல் ஏறும் கொடி

“இதைச் சாகடிக்கவே முடியாதும்மா. வெயில், குளிர், வறட்சி, எதுக்கும் அசையாது” என்றார் நாற்றுப் பண்ணைக்காரர். அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

குழல்பூக் கொடி. அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி நட்டேன். லைன்மேன் வேலையில் மின்கம்பத்திலிருந்து விழுந்ததில் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கொடி தண்டிலிருந்தே வேர்விட்டுச் சுவரைப் பற்றி ஏறியபோது அவருக்குக் குஷி.

“நம்ம ஆளுடி இவன். ஏணி இல்லாமலே ஏறுறான் பாரு.”

மூன்றாம் வருடம் ஆரஞ்சுப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. சுவரின் பூச்சும் பெயர்ந்தது. கூரை ஓடு இரண்டு தூக்கிக்கொண்டன.

“அடுத்த மாசம் எட்டாம் தேதி வருவேன். ஒரு இலை என் கண்ணுல படக்கூடாது. பட்டுச்சுன்னா வேற வீடு பாத்துக்கோங்க” என்றார் வீட்டுக்கார அம்மா. நான் தலையாட்டினேன். படியில்லாத, சக்கர நாற்காலி நுழைகிற வீடு என்று இரண்டு வருடம் அலைந்து கிடைத்தது இது ஒன்றுதான்.

அன்றே அடித்தண்டை வெட்டினேன். மண்வெட்டியால் வேரைக் கொத்திக் கொத்தித் துண்டாக்கினேன். மூன்றாவது வாரம் முற்றத்தில் இருபத்து மூன்று தளிர்கள். வேர்த்துண்டிலிருந்து செடி முளைப்பதைக் கல்லூரியில் படமாக வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான். கொத்தும்போது அது நினைவுக்கு வரவில்லை.

“ஒண்ணா இருந்ததை இருபத்து மூணாக்கிட்டியே விஞ்ஞானி!” அப்பா சிரித்தார்.

பிடுங்கினேன். வந்தன. கொதிநீர் ஊற்றினேன். களைக்கொல்லி தடவினேன். எட்டாம் தேதி காலை முற்றம் வெறும் மண்ணாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா சுற்றிப் பார்த்தார். “பரவாயில்லையே, படிச்ச பொண்ணுதான். அப்பாவைப் பாத்துட்டுப் போறேன்.”

அப்பா போர்வையைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தார். கொஞ்ச நாளாகப் போர்வையை அவரே சரிசெய்துகொள்கிறார். தம்ளர் தம்ளராகத் தண்ணீரும் கேட்கிறார். நான் கட்டிலை நெருங்கினேன்.

தலையணை ஓரத்தில் ஓர் இலை எட்டிப் பார்த்தது.

வீட்டுக்கார அம்மா போர்வையை விலக்கினார். தரையும் சுவரும் சேரும் விரிசலிலிருந்து புறப்பட்ட கொடி, கட்டிலின் இரும்புக் காலைச் சுற்றி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து ஏறியிருந்தது.

“நான்தாம்மா தண்ணி ஊத்துனேன். அவளுக்குத் தெரியாது” என்றார் அப்பா. “நாள் பூரா படுத்தே கிடக்குறேன். ஏறுறதைப் பாக்க நல்லாருந்துச்சு.”

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் சரியாக வரவில்லை.

“இப்பவே பிடுங்கு. இனிமே முளைக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ படிச்சவ, உன்னை நம்புறேன். இருந்துக்கோங்க.”

குனிந்து பிடுங்கினேன். தளிர் சுலபமாக வந்துவிட்டது. வேர் தளத்துக்கு அடியில் அறுந்து நின்றது.

“சொல்லும்மா” என்றார் அவர்.

“சொல்லுடி விஞ்ஞானி” என்றார் அப்பா.

தளிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் அறுந்த முனை ஈரமாக இருந்தது.