நாற்காலியை வீட்டிலிருந்து கொண்டு வரவும்

1

எங்கள் நகரத்தைப் பாராட்டி ஒரு கட்டுரை கேட்டார்கள். அது உருப்படாமல் போனதில் மிஞ்சியதுதான் இந்தக் கதை. “ஆரவாரமற்ற எளிமையே எமது நகரின் அணிகலன்” என்று தொடங்கினேன். எளிமைக்கு எதற்கு இவ்வளவு நகை என்று அடித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கோடையில் மாதம் ஒரு மாலை, தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் பூங்காவில் பேண்டு வாத்தியம் வாசிப்பார்கள். பதாகை கிடையாது, விளம்பரதாரர் கிடையாது, தலைமை தாங்க ஆள் கிடையாது. உட்கார நாற்காலிகூடக் கிடையாது. அவரவர் வீட்டிலிருந்து தூக்கி வர வேண்டும். நடுவில் எங்காவது தீப்பிடித்தால் பாதிப் பேர் எழுந்து ஓடுவார்கள், மீதிப் பேர் வாசிப்பார்கள். (யாரும் குறை சொன்னதில்லை. எந்தப் பாதி நன்றாக வாசிக்கிறது என்பதில் மட்டும் தகராறு உண்டு.)

2

கதைக்கு ஆள் வேண்டுமே. நகராட்சியின் புதிய விழா அதிகாரியைப் பிடித்தேன். முதலில் வில்லனாக்கிப் பார்த்தேன்: “அவன் கண்களில் பதவி வெறி கொழுந்துவிட்டு…” வேண்டாம். அவர் பயந்த சுபாவம். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மனைவியின் அண்ணன், மெத்தைக் கடை முதலாளி. அந்த நன்றியில், சாப்பாட்டு மேசையில், “இந்தத் தடவை நீங்கதான் மச்சான் சிறப்பு விருந்தினர்” என்று வாயை விட்டுவிட்டார். மனைவி அதை உறவு முழுக்கப் பரப்பியாயிற்று. மச்சான் புதுக் கோட்டும் தைத்தாயிற்று. இனி அந்தக் கோட்டுக்கு மரியாதை நடக்காவிட்டால் அதிகாரி வீட்டுப்படி ஏற முடியாது.

3

மேடையே இல்லாத இடத்தில் விருந்தினரை எங்கே ஏற்றுவது? அதிகாரி ஒரு சிவப்பு சோபாவை வரவழைத்து, வாத்தியக்காரர்களுக்கு நேர் எதிரே போட்டுவிட்டு, மச்சானை அழைத்துவரப் பூங்கா வாசலுக்குப் போனார். திரும்பி வந்தால் சோபாவில் ஐந்து பேர்.

“எழுந்திருங்க! இது விருந்தாளிக்குப் போட்டது!”

“விருந்தாளியா, யார் வீட்டுக்கு?” என்றாள் மடியில் குழந்தை வைத்திருந்தவள். “பாவம், யாரோ இவ்ளோ பெருசைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. சும்மா கிடந்தா மனசு கஷ்டப்படுமேன்னுதான் உக்காந்தோம்.”

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த நகராட்சித் தலைவி அதிகாரியைப் பரிவோடு பார்த்தார். “நீங்களா தூக்கினீங்க? முதுகு என்னத்துக்கு ஆகும் தம்பி!”

“மாப்ளே, என்னய்யா இது?” என்று மச்சான் பல்லைக் கடித்தார்.

“ரெண்டே நிமிஷம் மச்சான்.”

“கொஞ்சம் தள்ளிக்குங்கப்பா, கோட்டு போட்டவரு நிக்கிறாரு” என்றது ஒரு குரல். ஐவரும் நெருக்கிக்கொண்டார்கள். மச்சான் நடுவில் செருகப்பட்டார். இடம் போதாததால் குழந்தை அவர் மடிக்கு வந்தது.

4

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. அதிகாரி மச்சானின் பெருமைகளை அடுக்குகிறார், ஜனங்கள் கைதட்டுகிறார்கள். (தட்டுவார்கள். நாய் குரைத்தாலும் தட்டுகிற ஊர்.) அல்லது மச்சான் மனம் உருகி, “அடுத்த மாசம் நானே நாற்காலி கொண்டாரேன் மாப்ளே” என்கிறார். இதை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகி அடித்தேன். ஒரே மாலையில் திருந்துகிறவர் கடை நடத்த முடியாது.

நான் பொறுப்பேற்பது இவ்வளவுக்குத்தான்: இரண்டு பாட்டுக்கு நடுவே அதிகாரி பூங்கொத்தோடு முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். சோபாவிலிருந்து “ஷ்ஷ்!” என்று ஒரு அதட்டல். அதட்டியது மச்சான்.

“குழந்தை தூங்குது மாப்ளே. உன் பேச்சை அப்புறம் வச்சுக்க.”

(அத்தனை ஊதலுக்கும் விழிக்காத குழந்தை.)

அப்புறம் என்றால் எப்போது? மன்னித்துவிட்டாரா, வீட்டுக்கு வா பார்த்துக்கொள்கிறேன் என்கிறாரா? மச்சானின் முகம் பார்த்துச் சொல்லலாமென்றால், குழந்தையின் தலை மறைக்கிறது. அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது. அதிகாரி நடுவிலேயே நிற்கிறார், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஊருக்கெல்லாம் விழா நடத்துகிறவர், தனக்கென்று ஒரு நாற்காலி கொண்டுவரவில்லை. நீங்கள் கொண்டுவந்திருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.