மிச்சமிருந்த ஒரு சீவல்

தம்பி வந்து பக்கத்தில் நின்றதும் தெரியும், என்ன கேட்கப் போகிறான் என்பதும் தெரியும். ஆனாலும் அக்கா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவள் சதைத்துணுக்கைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டர், அவன் அதே ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கும் டாக்டர். சின்ன வயதில் ஜன்னலோரச் சீட்டுக்கு அடித்துக்கொண்டவர்கள், இப்போது ஒரு மனுஷனின் இரைப்பைக்காக மல்லுக்கு நின்றார்கள்.

"கான்சர்னு ஒரு வரி எழுதிக் குடுக்கா. நாளைக்குக் காலைல முதல் ஆபரேஷன் அவருக்குத்தான். முக்கால் வயித்தை எடுத்துட்டா நிம்மதி."

"யாருக்கு? உனக்கா, மாஸ்டருக்கா?"

மாஸ்டர் என்றால் ஆஸ்பத்திரி கேன்டீன் சமையல்காரர். ருசி பார்த்தே வயிறு நிறைந்துபோகும் அந்த மனிதர், ரத்த வாந்தி எடுத்து மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். குழாய் விட்டுக் கிள்ளியெடுத்த துணுக்கில் செல்கள் உருண்டை உருண்டையாக, உள்ளே குமிழோடு நெருங்கிக் கிடந்தன. பார்த்தவுடன் யாரும் புற்றுநோய் என்றுதான் சொல்வார்கள். ஆனால் புற்றுநோய் செல்லென்றால் ஒட்டிக்கொண்டு நிறம் காட்டும் சாயம் இதில் ஏறவில்லை. இரைப்பைச் சுவரின் தசையிலிருந்து கிளம்பும் ஜிஸ்ட் கட்டியோ என்றால், அதன் செல்கள் பெரும்பாலும் நீண்டு, வாரிவிட்ட தலைமுடிபோல ஒரே பக்கம் ஓடும். அதற்கு வழக்கமாகப் போடும் சாயமும் ஏறவில்லை.

"சாயமே கெட்டுப்போயிருக்கும்," என்றான் தம்பி.

"மூலையில பாரு. கட்டியில சேராத நாலு செல்லு சாயம் ஏறிப் பழுப்பா நிக்குது. சாயம் நல்லாத்தான் இருக்கு, கட்டிதான் அடம் பிடிக்குது." கண்ணாடித் தகட்டை நகர்த்தினாள். "இப்ப தள்ளி நின்னு பாரு. மேல்படலம் அலுங்காம இருக்கு, கட்டி கீழேர்ந்து முட்டுது. கான்சர்னா மேலேர்ந்துல்ல எறங்கணும்? உருண்டை ஜிஸ்ட் இதுடா. அதுக்கு வேற சாயம் இருக்கு."

ஜிஸ்ட் என்றால் கட்டியை மட்டும் சுற்றி வெட்டினால் போதும். மாஸ்டரின் வயிறு மாஸ்டருக்கே.

"அப்ப போடேன், யார் வேணாம்னா?"

"இன்னும் ஒரு சீவலுக்குத்தான் சதை இருக்கு."

தம்பியின் முகம் மாறியது. "மறுபடி கிள்ள முடியாதுக்கா. போன தடவையே ரத்தம் நிக்கல. அந்த ஒண்ணுல கான்சர் சாயத்தையே திரும்பப் போட்டுப் பாத்தா என்ன?"

"இல்லைன்னு சொன்னதையே எத்தனை தடவை கேப்ப?"

"உன் கணக்கு தப்பாப் போச்சுன்னா?"

கேட்க வேண்டிய கேள்விதான். காலையிலிருந்து அவளும் அதைத் தனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டாள். கேட்கக் கேட்க அந்த அலுங்காத மேல்படலம்தான் கண்முன் வந்து நின்றது.

"போகாது. போனா மாஸ்டர்கிட்ட நானே வந்து சொல்றேன். நீ சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிட்டு இரு."

"வீட்லதான் அதிகாரம்னு பாத்தா இங்கயும்!" என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

லேபில் சதைத்துணுக்கைச் சீவித் தருகிறவர் எதையும் நிதானமாகச் செய்வார். அதனாலேயே எல்லோரும் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். "சாயம் எதுன்னு முடிவாயிடுச்சா மேடம்?"

"ஆயிடுச்சு. வெட்டுங்க."

துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுப் பாளம் ஒருமுறை கத்திமேல் இறங்கியது. வெங்காயத்தோலைவிட மெல்லிய அந்தச் சீவலைத் தூரிகை நுனியால் ஏந்தி, வெந்நீர்த் தொட்டியில் விட்டார். தம்பி எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். மடிந்தாலோ கிழிந்தாலோ வேறு சதை இல்லை. நீரின்மேல் சுருங்கிக் கிடந்தது ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தன்னை விரித்துக்கொண்டது, ஒரு மடிப்பும் இல்லாமல். எக்ஸ்பிரஸ் அதன் அடியில் கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நுழைத்து, அக்கா சொன்ன சாயத்துக்காக முழுசாக ஏந்தியெடுத்தார்.