வேலிக்கு மண் தள்ளிய மலிக்

எங்கள் ஊர் ஷீன்கோட்டுக்கு வந்த எந்தத் துப்பாக்கிக்கும் வரவேற்பு குறைந்ததில்லை. ரஷ்யர்களோடு சண்டை போடப் போனவர்கள் வந்தார்கள், பிறகு தாலிபான்கள், அவர்களைத் துரத்த பாகிஸ்தான் ராணுவம் வந்தபோது கடைவீதியே மண்ணோடு மண்ணானது. ஒவ்வொரு முறையும் வந்த தளபதிக்குத் தலைப்பாகை கட்டிவிட்டவர் ஒரே ஆள்தான்: மலிக் நேக்மத் கான், அரசாங்கம் ஏற்றுக்கொண்ட எங்கள் குலத்தலைவர். எங்களை யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் சேர்த்து அவரே சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

ஆப்கான் எல்லையில் கம்பிவேலி போட்டபோதும் முதல் தூணுக்கு அவர்தான் மண் தள்ளினார். அவருடைய சொந்தத் தம்பி லஜ்மீர் குடியிருந்தது வேலிக்கு அந்தப் பக்கம்.

"தம்பி வீட்டுக்கு எப்படிப் போவீங்க, மலிக் சாகிப்?" என்று ரொட்டிக்கடை பீர்தோஸ்த் கேட்டான்.

"உன்னை மாதிரி கடத்தல்காரனுக்குத்தான்டா வேலி. நான் போனா எல்லைக் கேட்டு தானா திறக்கும்."

போன வசந்தத்தில் லஜ்மீர் செத்துப்போனான். மலிக் கஞ்சி போட்ட தலைப்பாகையோடு என் வண்டியில் ஏறினார். பின்னால் பீர்தோஸ்தும் ஊர்க்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். இரண்டு அரசாங்கங்களுக்கும் ஏதோ தகராறு. கேட்டு மூடிக் கிடந்தது. வரிசையில் நின்ற லாரிகளில் தக்காளி அழுகி நாறியது.

"விசா இருக்கா?" என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய்.

"நான் மலிக் நேக்மத்!"

"யாரா இருந்தா என்ன? தள்ளி நில்லு, கிழவா."

தான் தலைப்பாகை கட்டிவிட்ட அதிகாரிகளுக்கெல்லாம் போன் போட்டார். ஒருவர் எடுக்கவே இல்லை. இன்னொருவர் அனுதாபம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"மலிக்கைப் பாத்ததும் கேட்டு அட்டென்ஷன்ல நிக்குது பாரு," என்றான் பீர்தோஸ்த். "அசையவே மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தோம்.

சாயங்காலம் வேலிக்கு அப்பால் எதிர்ச்சரிவில் லஜ்மீரின் மகன் தோர்லாலி அப்பாவின் உடல் வைத்த சந்தூக்கைக் கொண்டுவந்து இறக்கினான். கம்பிக்கு அருகே வர விடவில்லை. பீர்தோஸ்த்தான் முதலில் செருப்பைக் கழற்றினான்.

"வாங்கடா, வரிசையா நில்லுங்க. செத்தவன் நல்லவன்."

அந்தப் பக்கத்து இமாமின் குரல் காற்றில் பாதிதான் வந்தது. மீதியை நாங்களே ஊகித்துத் தொழுதோம்.

"பெரியப்பா! முகம் தெரியுதா?" என்று தோர்லாலி கத்தினான்.

"தெரியுதுப்பா! நல்லாத் தெரியுது!"

அங்கிருந்து சந்தூக்கே தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது.

திரும்பும்போது அழுவார் என்று நினைத்தேன். ஊர் நெருங்கியதும் வாயைத் திறந்தார். "கிழவான்னு கூப்பிட்டான், கேட்டியா? அவனைப் பத்தி மேலிடத்துல சொல்றேன்."

"சொல்லுங்க. போன் எடுத்தாங்கன்னா சொல்லுங்க," என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கியவர் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போனார். உள்ளே பெண்களின் ஒப்பாரி நின்றது.

"முகம் எப்படி இருந்துச்சு, அண்ணே?" என்று அவர் தங்கை கேட்டது வெளியில் எனக்கும் கேட்டது.

தூங்குகிற மாதிரியே இருந்தானாம். தாடிகூட அவ்வளவாக நரைக்கவில்லையாம். நெற்றியில் ஒளி இருந்ததாம். மேடையில் பேசும் அதே கனத்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். அந்த அம்மாவும் நம்பினாள்.