ஆறு மாதத்தில் சுகமாகிவிடும்

வெள்ளவத்தையில் சுகிர்தாவின் கையால் சேலை உடுத்திக்கொண்டு மணவறைக்குப் போன பெண்கள் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவள் கொய்யகம் மடித்து ஊசி குத்தினால் தாலி கட்டி முடியும்வரை குலையாது என்பார்கள். நாற்பதாவது வயதில், வைகாசி மாதத்து முகூர்த்தம் ஒன்றில், குத்திய ஊசியைப் பூட்ட அவளுடைய விரல்கள் மறுத்துவிட்டன. பெண்ணின் தாயே வந்து பூட்டினாள்.

கணவன் உமாசுதன் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிப் பெரிய டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினான். மூன்று மணித்தியாலம் காத்திருந்தார்கள். உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டொக்டர் அவளுடைய விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். பிறகு உமாசுதனின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் வேகமாகக் கதைத்தார். உமாசுதனுக்குக் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதிக் கொம்பனியில் வேலை, ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. சுகிர்தாவுக்குப் பிடிபட்டது "ஆத்ரைட்டிஸ்", "சிக்ஸ் மந்த்ஸ்" இரண்டும்தான். அவள் ஒன்று கேட்க வாயெடுக்க முதலே டொக்டர் அடுத்த ஆளுக்கு மணியை அடித்துவிட்டார்.

"என்னவாம்?" என்று வெளியே வந்து கேட்டாள்.

உமாசுதன், டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான்.

"மூட்டு வாதமாம். ஆறு மாதம் ஒழுங்காக் குளிசை எடுத்தாச் சுகமாகிடுமாம்."

அவள் ஒழுங்காக எடுத்தாள். கிழமைக்கு ஒரு தரம் எடுக்கிற குளிசை ஒன்று இருந்தது. அதை எடுத்த அடுத்த நாள் முழுவதும் குமட்டும், சோற்றின் மணம்கூடப் பிடிக்காது. ஆறு மாதம்தானே என்று பொறுத்தாள். நான்காம் மாதமே வீக்கம் வற்றிவிட்டது. ஆறாம் மாதம் முடிந்ததும் மிச்சக் குளிசைகளை எறிந்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு இப்ப ஒரு நோவும் இல்லை. இனி என்னத்துக்கு டொக்டரிட்டை?"

உமாசுதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றைப் பிசைந்தபடியே, "பாப்பம்" என்றான். பிறகு அந்தக் கதையை அவன் எடுக்கவேயில்லை.

ஒன்பது மாதம் நன்றாகத்தான் இருந்தாள். அதற்குப் பிறகு நோவு திரும்பி வந்தது. வேலை கூடிப்போனதால் என்று நினைத்துப் பாமசியில் நோக்குளிசை வாங்கிப் போட்டாள். ஒரு வருடம் அப்படியே போனது. அதற்குள் வலது கை விரல்கள் சின்ன விரல் பக்கமாகச் சரிந்துவிட்டன. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. தேங்காய் துருவ முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. தை மாதத்துக்கு வந்திருந்த இரண்டு கலியாணங்களையும் வேறு ஆளிடம் கொடுத்தாள்.

உமாசுதன் வேலை அலுவலாகக் கண்டிக்குப் போயிருந்த ஒரு நாள், பழைய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பொரளைப் பக்கம் ஓர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாள். அங்கே ஹிபா என்ற இளம் டொக்டர் தமிழில் கதைத்தாள்.

"மருந்த ஏன் நிப்பாட்டினீங்க?"

"ஆறு மாதம்தானே சொன்னவை."

ஹிபா கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தாள். "ஆறு மாசத்துல வந்து காட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கு. இந்த வருத்தம் முழுசா மாறாது, மருந்து தொடர்ந்து எடுக்கணும், விட்டா மூட்டுப் பழுதாகும் எண்டு உங்கட மிஸ்டருக்கு விளங்கப்படுத்தினதாவும் இருக்கு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லையா?"

சுகிர்தா மேசையில் கிடந்த தன் கையைப் பார்த்தாள்.

மற்ற நாள் உமாசுதன் வந்து உடுப்பு மாற்றும்வரை பொறுத்திருந்துதான் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"அண்டைக்கு நீர் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனீர். சாகுமட்டும் மருந்து எண்டு எப்பிடிச் சொல்லுறது? கொஞ்சம் தேறினாப் பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சனான்."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"பிறகு நீர் சந்தோசமா இருந்தனீர்." அவன் கட்டிலில் இருந்துகொண்டான். "உமக்காகத்தான்…"

"என்ர கை இது," என்றாள் சுகிர்தா. "எனக்கெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும். அந்த மனுசனும் சொல்லேல்லை, நீங்களும் சொல்லேல்லை."

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. குசினிக்குப் போய் உலையைப் பார்த்தாள்.

அடுத்த கிளினிக்குக்கு அவனும் வந்தான். "நீங்கள் வெளியிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தனியே உள்ளே போனாள். கேட்க வேண்டியவற்றைக் கலண்டர் தாளின் பின்பக்கம் கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தாள். ஹிபா சொல்லச் சொல்ல, "நான் விளங்கினதைத் திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டாச் சொல்லுங்கோ" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எந்த நாளில் எந்தக் குளிசை, எப்போது இரத்தம் சோதிப்பது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது. கடைசிக் கேள்வியைத் தாளைப் பார்க்காமலே கேட்டாள்.

"இந்த விரல் நேராகுமோ?"

ஹிபா பேனையைக் கீழே வைத்தாள். "ஆகாது அக்கா. இனியும் சரியாமப் பாத்துக்கலாம். ஆனா சரிஞ்சது நேராகாது."

சுகிர்தா தலையாட்டினாள். இரண்டரை வருடத்தில் அவளுடைய கையைப் பற்றிய உண்மையை அவளிடமே சொன்ன முதல் ஆள் ஹிபாதான். அதற்கு நன்றி சொல்லத்தான் நினைத்தாள். கண்ணீர் சேலையில் விழுந்துகொண்டிருந்தது. ஹிபா அடுத்த ஆளைக் கூப்பிடாமல் காத்திருந்தாள்.