சாம்பர் ஆற்றங்கரையில் ஒரு கைதி

சாம்பர் ஆற்றை மூன்றாவது முறையாகக் கடந்து, ஆஸ்திரியர்களிடம் மூன்றாவது முறையாக அடிவாங்கித் திரும்பியிருந்தார்கள். சார்ஜென்ட் ஆன்செல்ம் கோர்பினோ புல்லில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருடம் வெள்ளைக் கோட்டுப் போட்டுப் பிரெஞ்சு ராஜாவின் ரெஜிமெண்டில் இருந்தவன். ராஜாவின் தலை போன மறுவருடம் ரெஜிமெண்டின் பெயரும் போயிற்று. புரட்சிக்காகத் தாங்களே வந்து சேர்ந்த நீலக் கோட்டுத் தொண்டர்களோடு அவர்களைக் கலந்து, பெயருக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில், "வாங்கய்யா நீலப் பீங்கானுங்களா, தீப்பட்டா விரிசல் விட்டுருவீங்களே!" என்று வெள்ளைக் கோட்டுக்காரர்கள் சீண்டுவார்கள். இப்போது சீண்டவும் ஆளில்லை. கோர்பினோவின் பழைய கம்பெனியில் மிஞ்சியது ஆறு பேர்.

பிற்பகலில் கேப்டன் தூத்ரெலோன் கூப்பிட்டனுப்பினான். இருபத்துமூன்று வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவனைத் தொண்டர்களே ஓட்டுப்போட்டுக் கேப்டனாக்கியிருந்தார்கள்.

"ஐயா, கூப்பிட்டீங்களா?"

"ஐயாவெல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னு எத்தனை தடவை சொல்றது? குடிமகன்னு கூப்பிடுங்க."

"சரிங்கய்யா."

ஆஸ்திரியக் கோட்டு மாட்டிய ஒரு கைதி, கைகள் கட்டப்பட்டு நின்றான்.

"வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்றான் கேப்டன். "வெளிநாட்டுக்காரன்னா வெறும் கைதி. நம்மாளு எதிரியோட சேர்ந்திருந்தா என்ன சட்டம்னு உங்களுக்கே தெரியும். நீங்க பழைய ஆளு. இவனைத் தெரியுமா?"

கத்தியான் லொர்மோ. இரண்டு வருடத்துக்கு முன், ரெஜிமெண்டின் கர்னல் எல்லை தாண்டி எதிரியிடம் ஓடியபோது கூடவே போனவன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும், ஐயா. ரெண்டாவது கம்பெனி, முன்வரிசை. ஒம்பது வருஷம் எனக்கு எடப்பக்கம் நின்னவன்."

யோசித்துச் சொல்லவில்லை. அதிகாரி கேட்டார், வாய் பதில் சொல்லிற்று. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

கத்தியான் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை.

"நீ மாறவே இல்லடா ஆன்செல்ம்."

"ஏன்டா போனே?"

"கர்னல் நடன்னார், நடந்தேன். எல்லை எங்க வந்துச்சுன்னுகூடத் தெரியல."

கேப்டனின் முகம் வெளிறிப்போயிருந்தது. கோர்பினோவைத் தள்ளி அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்: "தெரியாதுன்னு நீங்க சொல்லியிருந்தா அதைத்தான் எழுதியிருப்பேன்."

"சரிங்கய்யா."

"இப்ப எல்லாரும் கேட்டுட்டாங்க."

"ஆமாங்கய்யா."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செங்கல் சூளைச் சுவரோரம் நிறுத்தினார்கள். கண்ணைக் கட்ட வேண்டாமென்றான் கத்தியான். கோர்பினோவிடம் சுடச் சொல்லவில்லை. அதை மட்டும் கேப்டன் பார்த்துக்கொண்டான். ஆனால் புதைக்கும் முறை கோர்பினோவின் ஆட்களுக்கு வந்தது. கத்தியானைக் கால் பக்கம் பிடித்தான். கனமாக இருந்தது. நன்றாகத் தின்றிருக்கிறான் என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது குதிரை இறைச்சி சூப் தயாராக இருந்தது. நீலக் கோட்டுக்காரன் ஒருவன், "சார்ஜென்ட், இது நேத்து நம்மள மிதிச்ச குதிரைதான், பழி தீர்த்துக்குங்க!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கோர்பினோவும் சிரித்தான். இரண்டு கிண்ணம் குடித்தான்.

அழுகை வருமென்று படுத்தபடி காத்திருந்தான். தூக்கம்தான் வந்தது.

விடியலில் முரசு கேட்டது. எழுந்து தன் ஆட்களை எண்ணினான். வெள்ளையும் நீலமுமாகப் பதினான்கு பேர். நான்காவது முறையாக ஆற்றில் இறங்கினார்கள். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது.